அண்ணனின் மஞ்சள் ஜாக்கெட்டும் குன்னத்தூர் சத்திரத்து டெய்லரும்

கொடைக்கானலுக்கு வண்டியில் போகும்போது அண்ணன் மழைக்குப் போட்டுக்கொள்ளும் நைலான் ஜாக்கெட் ஒன்று ரொம்ப வருடமாக எங்கள் வீட்டுப் பீரோவில் கிடந்தது. மஞ்சள் நிறம், தோள்பட்டை மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது, ஜிப் ஓடவில்லை, எனக்கு இரண்டு சைஸ் பெரிது. ஆனால் துணி அப்படியே உறுதியாக இருந்தது. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, சாயம் போட்டு, பிடித்துத் தைத்து நானே போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினேன். தைத்துக் கொடுத்த டெய்லருக்கும் போட்ட சாயத்துக்கும் சேர்த்துத்தான் இந்த ரிவ்யூ.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் சிலைத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்களை மதுரைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய் அம்மனைக் கும்பிட்டு வந்தால் தைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, நானும் அங்கேதான் போனேன். வேறு இரண்டு இடத்தில் "ரெயின்கோட்டெல்லாம் தைக்கிறதில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவர் ஜாக்கெட்டை வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பி, தையலை ஓரமாக விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"சாயம் போட்டுட்டு வர்றேன்ணே, அப்புறம் சின்னதாக்கிக் குடுங்க" என்றேன்.

"அப்படிச் செய்யாதம்மா. கையை இப்பவே வெட்டிக்கிறேன், அந்தத் துண்டுல போட்டுப் பாரு. புடிச்சாத்தான் மிச்சத்தை நனைக்கணும். நூலும் அப்பத்தான் கலருக்குத் தோதா எடுக்க முடியும்."

இரண்டு கையிலும் மூன்று அங்குலம் வெட்டி, துண்டுகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார். காசு எதுவும் வாங்கவில்லை. இந்த ஒரு யோசனைதான் என் ஜாக்கெட்டைக் காப்பாற்றியது.

ஏனென்றால் முதலில் வாங்கிய சாயப்பொடி தப்பு. கடையில் "எல்லாத் துணிக்கும் புடிக்கும்" என்று கொடுத்தார்கள், வீட்டில் வந்து பார்த்தால் உப்பும் சோடாவும் சேர்க்கச் சொல்கிற பருத்திச் சாயம். துண்டைப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசினேன், நீலம் முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது, துண்டில் அழுக்குப் பட்ட மாதிரி ஒரு சாயல்தான் மிச்சம். பருத்திக்கு ஒரு சாயம், நைலானுக்கு வேறு சாயம். நைலான் வாங்கிக்கொள்வது பட்டுக்கும் கம்பளிக்கும் வினிகர் மாதிரி புளிப்புச் சேர்த்துப் போடுகிற ஆசிட் சாயத்தை. பாலியெஸ்டர் என்றால் இன்னும் கஷ்டம், அதற்கு டிஸ்பர்ஸ் என்று தனிச் சாயம் இருக்கிறது, மில்லில் பிரஷர் வைத்து 130 டிகிரியில் ஏற்றுவார்கள். அதனால் காலருக்கு உள்ளேயோ பக்கத் தையலிலோ இருக்கும் லேபிளைப் படிக்காமல் பொடி வாங்கப் போகாதீர்கள்.

அடுத்து, பட்டு நூலுக்குச் சாயப்பொடி விற்கும் ஒரு கடையில் ஆசிட் சாயம், நேவி புளூ, 25 கிராம் வாங்கினேன். சாயம் இருக்கிற நிறத்தின் மேல்தான் ஏறும், மஞ்சளைப் போக்காது. மஞ்சள் மேல் நீலம் ஏறினால் கரும்பச்சை, எனக்கு வேண்டியதும் அதுதான். ஒரு துண்டைத் தளதளவென்று கொதிக்கவிட்டேன், உள்பக்கம் இருக்கும் வெள்ளைப் பூச்சு கொப்புளம் மாதிரி எழும்பிவிட்டது. இன்னொரு துண்டை ஆவி மட்டும் வருகிற சூட்டில் வைத்தேன், பூச்சு அப்படியே இருந்தது, நிறமும் பிடித்தது. மூன்று அடுக்கு ஒட்டி வரும் விலை உயர்ந்த ஜாக்கெட்டுகளை இந்தச் சூட்டில் வைக்க எனக்குத் தைரியம் வராது.

ஜாக்கெட் எடை 400 கிராம், அதற்குப் பன்னிரண்டு கிராம் பொடி. சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்து, ஈரத்தோடு பழைய எவர்சில்வர் அண்டாவில் போட்டேன். அலுமினியம் வேண்டாம், வினிகர் அதை அரிக்கும். அந்த அண்டாவில் இனி சமைக்கவும் கூடாது. வெதுவெதுப்பில் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் மெதுவாகச் சூடேற்றி, நடுவில் அரை டம்ளர் வினிகரை இரண்டு தடவையாக ஊற்றினேன். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் முதலில் மை மாதிரி இருந்த தண்ணீர், கடைசி இருபது நிமிடத்தில் வெளுத்துக்கொண்டே வந்து, அடியில் கிடந்த ஜிப் பல் தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிட்டது. சாயம் மொத்தமும் துணிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கிண்டுவதை மட்டும் நிறுத்தக் கூடாது. சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழுகிறதல்லவா, அதே வேலையை இங்கே மடிப்பு செய்துவிடும். நான் போன் பேச நகர்ந்த ஐந்து நிமிடத்தில் முதுகில் கைநீளத்துக்கு ஒரு வெளிர்க் கோடு. தையல் நூல் பாலியெஸ்டர் என்பதால் மஞ்சளாகவே நின்றுவிட்டது, அது அழகாகத்தான் இருக்கிறது.

திரும்ப டெய்லரிடம் போனபோது நூல்கண்டு நான்கைந்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நைலானில் குத்திய ஓட்டை மூடாது என்று குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டார், மெஷினில் 11ஆம் நம்பர் ஊசி மாற்றினார். சைடு பிடித்து, கையில் எலாஸ்டிக் வைத்து, புது ஜிப் போட்டு மொத்தம் 420 ரூபாய். வியாழக்கிழமை தருவதாகச் சொல்லிச் சனிக்கிழமைதான் கொடுத்தார், அவசரம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

சாயத்தில் வெந்ததில் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விட்டது. அதற்கான ஸ்பிரே அடித்து, மேலே துணி விரித்து லேசான சூட்டில் அயர்ன் பண்ணினேன், இப்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. போன வாரம் கொடைக்கானல் மலையில் ஏறும்போது அரை மணி நேரத் தூறல், உடம்பு நனையவில்லை, புதிதாகப் பிடித்த சைடு தையல் ஓரம் மட்டும் ஈரம் கசிந்தது. அவரிடம் சொன்னேன். "கொண்டாம்மா, உள்ள டேப் ஒட்டித் தர்றேன்" என்றார், செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.