அடைக்கோழியா, இன்குபேட்டரா, கூலிப் பொரிப்பா?

நாட்டுக்கோழிக் குஞ்சு விற்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "வாரத்துக்கு உங்கள் கையில் எத்தனை முட்டை சேரும்?" பொரிக்க வைக்கும் முட்டையை ஏழு நாளைக்குள் வைத்துவிட வேண்டும். நாள் ஏற ஏறப் பொரிப்பு குறையும். நம் ஊர் வெயிலில் அந்த ஏழு நாளே அதிகம்.

கணக்கைப் பாருங்கள். கொல்லையில் மேயும் சிறுவிடைக் கோழி (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) ஓர் ஈட்டுக்கு, அதாவது முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பெட்டைக்கு 600 முதல் 800. வாரத்துக்கு வகுத்தால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து. அதாவது, பத்துப் பெட்டை வைத்திருப்பவரின் ஒரு வார முட்டை முழுவதும் ஒரே ஓர் அடைக்கோழிக்கடியில் அடங்கிவிடும். அவர் நூறு முட்டை இன்குபேட்டர் வாங்கினால் பெட்டி நிறைய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நிறைக்க வேண்டுமென்று கண்ட இடத்தில் முட்டை வாங்கினால், சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டைதானா, என்றைக்கு இட்டது என்று எதுவும் தெரியாது. இதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

சரி, கோழியையே முதலில் எடுத்துக்கொள்வோம். எங்கள் தாராபுரம் பக்கம் அடைக்கு வைப்பதை அவயம் வைப்பது என்பார்கள். கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டை அடுக்கி, இருட்டிய பிறகு கோழியை ஏற்றிவிடுவோம். இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வற்றல் மிளகாயும் கூடவே வைப்பார் என் அம்மா. வெப்பம், ஈரம், முட்டை திருப்புவது எல்லாம் கோழி பார்த்துக்கொள்ளும். மின்சாரச் செலவு கிடையாது. பொரித்த பிறகு குஞ்சுக்கு விளக்கும் வேண்டாம், இரை பொறுக்கச் சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டாம். நல்ல அடைக்கோழிக்கு ஈடான இயந்திரத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் கனத்த பெருவிடைக் கோழிகளில் சில, முட்டையை மிதித்து உடைத்துவிடும். பேன், செள் பிடித்த கோழி பதினைந்தாம் நாளில்கூட எழுந்து போய்விடும். அதனால் ஏற்றுவதற்கு முன்பே இறகை விலக்கிப் பார்த்துவிடுங்கள்.

கோழி வழியின் உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அடைகாக்க மூன்று வாரம், குஞ்சு வளர்க்க இரண்டு மாதம் என்று அந்தப் பெட்டை ஏறக்குறைய மூன்று மாதம் முட்டையிடாது. வெளியே திரியும் குஞ்சுகளைப் பருந்தும் காக்கையும் கீரியும் எடுத்ததுபோக மிச்சம்தான் நமக்கு. முட்டையை எடுத்துவிட்டு, கோழியை அடைக்கு விடாமல் தெளிவித்தால் சில வாரங்களில் மறு ஈட்டுக்கு வந்துவிடும். இன்குபேட்டர் தரும் லாபம் இதுதான்: அது குஞ்சைக் கூட்டுவதைவிட, பெட்டையின் நாளை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் பெட்டியை நம்பி இறங்குகிறவர் 21 நாளும் கோழியின் வேலையைத் தான் செய்ய வேண்டும். விசிறி வைத்த பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் நிற்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 101, 102 ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம். முதல் 18 நாள் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். கடைசி மூன்று நாள் 65க்கு மேல். பதினெட்டாம் நாள் வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு தொடவே கூடாது.

ஈரப்பதக் கருவி விலை மலிந்தது என்றால் பொய் சொல்லும். நான் நம்புவது சின்னத் தராசை. பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் 12, 13 சதவீதம் இழக்க வேண்டும். 40 கிராம் முட்டை என்றால் சுமார் ஐந்து கிராம். அதைவிட அதிகம் இழந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சு ஒட்டிக்கொள்ளும். குறைவாக இழந்தால் கடைசி நாளில் மூச்சுவிடக் காற்றறை போதாது.

மின்வெட்டுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பெட்டியைத் திறக்காமல் விட்டால் ஒரு மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கிவிடும். சூட்டைத்தான் தாங்காது. நான் வாங்கிய பெட்டியில் ஒரு சித்திரை மதியம் விசிறி நின்றுபோய், பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அன்று பதினாறாம் நாள். நான் வயலிலிருந்து வந்து பார்த்தபோது வெப்பமானி 41 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஒரு வாரம் காத்திருந்து, ஒன்றும் வராமல், ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். இறகு முளைத்து, கால் மடித்து, முழுக் குஞ்சாக உள்ளே இறந்து கிடந்தவை. அறுபது முட்டையின் காசைவிட அந்தக் காட்சிதான் இன்றும் மனதை அழுத்துகிறது.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்க்காமல் எறியாதீர்கள். கூமுட்டை என்று ஒரே பெயரில் ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு. தெளிவாக மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தால் கருவே கூடவில்லை; குறை சேவலிடம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கிறதா, அது வயதானதா என்று பாருங்கள். ரத்த வளையம் இருந்தால் முதல் சில நாளிலேயே கரு இறந்திருக்கிறது. பெரும்பாலும் முட்டையைச் சூட்டில் வைத்திருந்ததாலோ நாள்பட வைத்ததாலோ வருவது. முழுக் குஞ்சாக இறந்திருந்தால் பெட்டியின் வெப்பத்தையும் ஈரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

இனி கூலிப் பொரிப்பு. பெரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் முட்டையைக் கொடுத்து, கூலி கட்டி, 21 நாள் கழித்துக் குஞ்சாக எடுத்து வருவது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். முதலீடு முட்டை மட்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்: கூலி வைக்கும் முட்டைக்கா, வரும் குஞ்சுக்கா? முட்டைக்கு என்றால் பொரிக்காததன் நட்டம் முழுவதும் உங்களுடையது. முட்டை 15 ரூபாய் என்று வையுங்கள். நூற்றுக்கு 70 பொரித்தால் குஞ்சுக்கு முட்டைச் செலவே 21 ரூபாயைத் தாண்டும். 50 பொரித்தால் 30 ரூபாய். கூலி அதற்கு மேல்.

கூலிப் பொரிப்பில் வரும் தொல்லை கலப்பு. பத்து வீட்டு முட்டை ஒரே அறையில் இருக்கும். ஒரு வீட்டுக் கோழிக்கு நோய் என்றால் எல்லாக் குஞ்சுக்கும் ஆபத்து. உங்கள் முட்டையில் பென்சிலால் குறி போடுங்கள், ஆனால் குஞ்சு வெளிவரும் கடைசி மூன்று நாளில் உங்கள் தட்டைத் தனியாக வைத்தால்தான் அந்தக் குறிக்குப் பொருள் உண்டு. இரண்டு சக்கர வண்டியில் குலுங்கிப் போன முட்டையை, அகலப் பக்கம் மேலாக அரை நாள் ஓய்வாக வைத்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.

ஒருநாள் குஞ்சை வெளியே வாங்கி விற்கும் வழியும் உண்டு. தாய்க்கோழியைப் பார்க்காமல் வாங்கிய குஞ்சை நாட்டுக்கோழி என்று சொல்லி விற்க எனக்கு மனம் வராது. வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய ரகமென்றால் அந்தப் பெயரைச் சொல்லியே விற்கலாம், தவறில்லை.

எப்படிப் பொரித்தாலும், எந்த வயதில் விற்பது என்பதில்தான் பணம் நிற்கிறதா போகிறதா என்று தெரியும். ஒருநாள் குஞ்சு விற்றால் வேலை குறைவு. வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்குள் கைமாறிவிட வேண்டும். வாங்கியவர் வீட்டில் குஞ்சு செத்தால் பழி உங்கள் மேல்தான். ஒரு மாதக் குஞ்சுக்கு உமி, விளக்கு, ஏறக்குறைய அரைக் கிலோ தீவனம், இரவில் எலியும் பூனையும் வராத கூண்டு எல்லாம் வேண்டும். முதல் வாரம் 95 ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். குஞ்சே சொல்லிவிடும்: விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து, இடையில் இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. இதெல்லாம் போட்ட குஞ்சை விலை சொல்லி விற்கலாம், வாங்கியவர் திரும்பவும் வருவார். நான் மாதக் குஞ்சின் பக்கம்தான்.

அடைக்கோழி வழிக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். லசோட்டா குப்பி பொதுவாக நூறு குஞ்சுக்குக் குறையாமல் வரும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பன்னிரண்டு குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைத்தால் கட்டுப்படியாகாது. அதற்கு வழி உண்டு: நான்கைந்து கோழியை ஒரே இரவில் ஏற்றினால் எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் இறங்கும். பக்கத்து வீட்டுக் குஞ்சுகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பருவம். சிறுவிடை விற்பனை எடைக்கு வர ஐந்து மாதம்போல ஆகும். தீபாவளிக்குக் கோழி வேண்டுமென்பவர் வைகாசி, ஆனியில் குஞ்சு தேடுவார். அவருக்கு மாதக் குஞ்சு கொடுக்க, முட்டை பங்குனி, சித்திரையில் ஏற வேண்டும். பொரிப்புக்கு மோசமான காலம் அதுதான். அந்த இரண்டு மாதம் மட்டும் முட்டையை நான்கு நாளுக்கு மேல் வைப்பதில்லை. ஈர மணல் மேல் வைத்த மண்பானையில், வீட்டின் குளிர்ந்த மூலையில் சேர்க்கிறேன்.

இப்போது என் தொழுவத்தில் நாற்பது பெட்டைகள் நிற்கின்றன. வாரத்துக்கு ஐம்பது அறுபது முட்டை சேர்கிறது. பழுது பார்த்த பெட்டியில் பாதி, கூலிக்குப் பாதி ஏற்றுகிறேன். இரண்டு நல்ல அடைக்கோழிகளை மட்டும் அவற்றின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறேன். அவை பொரிக்கும் பெட்டைக் குஞ்சுகளை விற்பதில்லை, அடுத்த தாய்க்கோழிகளாக வைத்துக்கொள்கிறேன்.