மேட், கிட்டார், முரசு: தாளம் பழகிய காதுக்கு எந்த மியூசிக் கேம்?

மியூசிக் கேம் எல்லாமே ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் அதிகம். திரையில் ஏதோ நகர்ந்து வரும், கோட்டைத் தொடும்போது தட்ட வேண்டும், அவ்வளவுதானே என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் என் அக்கா மகனும் போன மாதம் அப்படித்தான் கேட்டான். "மாமா, டான்ஸ் மேட்டா, கிட்டாரா? எது விலை கம்மியோ அதை எடுத்துக்கறேன்." பள்ளி நாட்களிலிருந்து இந்த விளையாட்டுகளோடு வாழ்கிறவன் நான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

இவற்றைப் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் கேள்விகள் இரண்டு. கொஞ்சம் முந்தியோ பிந்தியோ தட்டினால் விளையாட்டு என்ன சொல்கிறது? குறி எதுவும் இல்லாத இடத்தில் நானாக ஓர் அடி போட்டால் என்ன செய்கிறது? டர்பன் பக்கம் தைப்பூசக் காவடி மேளத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது கேள்வியின் கனம் தெரியும். அடிகளுக்கு நடுவே வாசிப்பவர் தன் கையிலிருந்து போடுவதுதானே மேளத்துக்கு உயிர்.

இந்த இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் தந்தது மிகப் பழைய விளையாட்டுகளில் ஒன்று. 1996-இல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த 'பராப்பா த ராப்பர்'. மசாயா மட்சுரா உருவாக்கியது. காகிதம்போல் தட்டையான ஒரு நாய்க்குட்டி, குரு சொல்லும் வரியைத் திருப்பிச் சொல்லும். சொன்னதையே சொன்னால் 'குட்' என்ற படியில் நிற்கலாம். 'கூல்' என்ற மேல்படிக்கு ஏற வேண்டுமானால், கொடுத்த அடிகளுக்கு மேல் நாமே கூட்டிப் போட வேண்டும். ஏறிவிட்டால் குரு விலகிக்கொள்வார், களம் முழுக்க நம்முடையது. மனோதர்மத்துக்கு மதிப்பெண் கொடுத்த விளையாட்டு என்று நான் அதைச் சொல்வேன். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது மட்டும் வெளியே தெரியாது. பின்னால் வந்தவர்கள் கணக்கைத் தெளிவாக்கினார்கள். ஆனால் அந்தச் சுதந்திரத்தை ஏறக்குறைய எல்லோரும் கைவிட்டார்கள்.

அடுத்தது டான்ஸ் மேட். கொனாமியின் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' 1998-இல் ஆர்கேட் இயந்திரமாக, அதாவது காசு போட்டு விளையாடும் இயந்திரமாக வந்தது, காலால் மிதிக்க நாலு அம்புக்குறி. மறுவருடமே கொரியாவின் ஆண்டமிரோ 'பம்ப் இட் அப்' கொண்டுவந்தது. அதில் ஐந்து கட்டங்கள், நாலு மூலைகளும் நடுவும். டீரூம் என்கிற தெருமுனைக் கடையில் சண்டை விளையாட்டுக்குக் காசு போட்டுக்கொண்டிருந்த என்னை முதலில் இழுத்தது ஒரு மாலின் ஆர்கேடில் நின்ற அம்புக்குறி மேடைதான். கையை மறந்து காலால் விளையாடலாம் என்பதே அன்று எனக்குப் புதுசு.

முதல் கேள்விக்கு மேட் மிகக் கண்டிப்பான பதில் தரும். ஒவ்வோர் அடிக்கும் தரம் உண்டு. இதன் இலவச உருவமான ஸ்டெப்மேனியாவில், வழக்கமான அமைப்பில், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 22.5 மில்லிசெகண்டுக்குள் மிதித்தால்தான் உச்சத் தரம். 45 வரை அதற்கடுத்தது, 90 வரை அதற்கும் அடுத்தது. நம் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சில நாளில் தெரிந்துவிடும். எனக்கு இடது கால் எப்போதும் முந்தும்.

இரண்டாவது கேள்விக்குப் பெருந்தன்மையான பதில். அம்பு இல்லாத நேரத்தில் மிதித்தால் மேட் கண்டுகொள்ளாது, குறைக்கவும் செய்யாது. அதனால்தான் மேட்டில் நிஜமாகவே ஆட முடிகிறது. நடுவில் ஒரு சுற்றுச் சுற்றலாம், ஒரு தட்டு கூடத் தட்டலாம், தாளத்துக்குள் இருந்தால் போதும்.

அம்புகளின் நிறத்தையும் சொல்ல வேண்டும். டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில் நிறம் காட்டும் அமைப்பைப் போட்டால், அடியின் மேலேயே விழுவது சிவப்பு, அரை அடியில் விழுவது நீலம், கால் அடியில் விழுவது மஞ்சள், மற்றவை பச்சை. ஒரு பாட்டு 'தகதிமி'யிலிருந்து 'தகிட'வுக்கு மாறும் இடத்தில் திரையில் திடீரென்று பச்சை வரும். அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையைக் கண்ணால் பார்த்தது எனக்கு அங்கேதான். அன்றைய பரவசம் இன்னும் குறையவில்லை.

மேட்டின் தொல்லை வீட்டில்தான். மடித்து வைக்கும் மெல்லிய மேட் தரையில் வழுக்கும். ப்ளைவுட் பலகையில் இழுத்து டேப் ஒட்டினால் நிற்கும், சாக்ஸ் போட்டுக்கொண்டால் கால் ஒட்டாது. ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு மாதிரி ஒரே சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்கு போடும் வீடுகளில், இரவு எட்டு மணிக்கு மேல் குதிக்க முடியாது. ஆயா (பாட்டி) இருந்தவரை பகலிலும் அனுமதி அரைமனதோடுதான்.

கிட்டாரின் கதை வேறு. ஹார்மோனிக்ஸ் செய்து, ரெட்ஆக்டேன் வெளியிட்ட 'கிட்டார் ஹீரோ' 2005-இல் வந்தது. பிளாஸ்டிக் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பட்டன்கள். வலது கையில் மீட்டும் பட்டை. இதன் மிகப் பெரிய குணம் ஒன்று உண்டு, மேட் தராதது. நாம் தவறவிட்டால் பாட்டில் கிட்டாரின் ஒலி மட்டும் அணைந்துவிடும். குரலும் டிரம்மும் ஓடிக்கொண்டிருக்க, நம் இடம் காலியாகக் கேட்கும். மேட்டில் நாம் என்ன செய்தாலும் பாட்டு அதுபாட்டுக்கு ஓடும். இங்கே நாம்தான் வாசிக்கிறோம் என்று காது நம்பிவிடும். அந்த நம்பிக்கைக்காகவே இரவெல்லாம் விழித்திருக்கலாம்.

ஆனால் என் இரண்டு கேள்விகளிலும் கிட்டார் பின்தங்குகிறது. தட்டியது சரியா தவறா, அவ்வளவுதான் அதன் தீர்ப்பு. அனுமதித்த நேரத்துக்குள் விழுந்தால் நடு மையத்தில் விழுந்ததற்கும் விளிம்பில் விழுந்ததற்கும் ஒரே மதிப்பெண். கூடுதலாக ஒரு மீட்டு மீட்டினால் காம்போ, அதாவது தவறாமல் தட்டிவந்த தொடர், அறுந்துபோகும். கையில் கிட்டாரைக் கொடுத்துவிட்டு, எழுதியதற்கு மேல் ஒரு தட்டும் கூடாது என்கிறது.

2007-இல் வந்த மூன்றாவது பாகத்தைச் சொல்லாமல் போனால் இந்த ஊர்க்காரன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும் டிராகன்ஃபோர்ஸ் பாட்டுதான் உலகமெங்கும் கிட்டார் ஹீரோ ஆட்களின் எவரெஸ்ட். அதைப் பாடிய ஸீபீ டார்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். லண்டன் குழு, அமெரிக்க விளையாட்டு, குரல் நம் நாட்டுக்காரருடையது என்று தெரிந்த நாளில் நண்பர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

அதே 2007-இல் ஹார்மோனிக்ஸ் 'ராக் பேண்ட்' கொண்டுவந்து டிரம்மையும் மைக்கையும் சேர்த்தது. நாலு தட்டுகள், காலுக்கு ஒரு பெடல். மேல் நிலைகளில் கை போகும் வழி நிஜ டிரம் வாசிப்புக்கு மிக நெருக்கம், பிளாஸ்டிக் கிட்டாரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. காவடிக்கு மேளம் வாசிக்கும் மாமா ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன்முன் உட்கார வைத்தேன். நிறங்களைப் பழக அவருக்குக் கொஞ்ச நேரமே ஆனது. பிறகு கை சூடேறி, அடிக்கும் அடிக்கும் நடுவே நிரப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு நிரப்பலுக்கும் காம்போ அறுந்தது. "தம்பி, நான் தாளத்தை விடலையே. இது ஏன் கோவிச்சுக்குது?" என்றார். அவர் விடவில்லைதான். ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை.

இந்த வகை 2011-இல் சரிந்தது. ஆக்டிவிஷன் அந்த பிப்ரவரியில் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடியது. வருடத்துக்குப் பல பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் பெரிய பெட்டி, வீட்டில் இடம் எங்கே? 2015-இல் இரண்டு பெயர்களும் திரும்பி வந்து பார்த்தன, பழைய அலை வரவில்லை. இப்போது பழைய கிட்டாரை வைத்திருப்பவர்களுக்குப் புகலிடம் 'க்ளோன் ஹீரோ'. இலவசம், கணினியில் ஓடும்.

விஆர் தலைக்கவசத்தில் ஓடும் 'பீட் சேபரை' நான் சீக்கிரம் கடந்துவிடுவேன். 2018-இல் ப்ராக் நகரத்திலிருந்து வந்தது. பாட்டோடு பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்ட வேண்டும். உடம்புக்கு அருமையான பயிற்சி. ஆனால் அதன் மதிப்பெண் வாளை எவ்வளவு அகலமாக வீசினோம், கட்டையின் நடுவில் வெட்டினோமா என்பதற்குத்தான். நேரத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. தாளத்துக்காக வருபவர் அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

என் கட்சி முரசு. நாம்கோவின் 'டைகோ நோ டட்சுஜின்' 2001-இல் ஜப்பானிய ஆர்கேடுகளில் வந்தது. குறிகள் அடிப்படையில் இரண்டே. சிவப்பு வந்தால் தோலின் நடுவில், அதற்குப் பெயர் 'தொன்'. நீலம் வந்தால் விளிம்பில், அது 'கா'. பெரிய வட்டம் வந்தால் இரண்டு கையாலும். மஞ்சளாக நீளும் குறி வந்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உருட்டலாம். அடிகளுக்குத் தரம் உண்டு, வெற்றிடத்தில் தட்டினால் தண்டனை இல்லை. என் இரண்டு கேள்விக்கும் சரியான பதில் தரும் விளையாட்டு மேட்டை விட்டால் இதுதான், அதுவும் உட்கார்ந்தபடியே.

நிஜ முரசு வாங்க வேண்டியதில்லை. டீன் ஹெர்பர்ட் என்ற ஆஸ்திரேலியர் 2007-இல் வெளியிட்ட 'ஓசு!' இலவச விளையாட்டு, அதற்குள்ளேயே டைகோ முறை இருக்கிறது. விசைப்பலகையில் நாலு எழுத்து போதும். நம் ஒலிப்பதிவைப் போட்டு நாமே குறி வைக்கலாம். மேளக்கார மாமாவின் வாசிப்பைப் பதிவுசெய்து அப்படித்தான் ஒன்று செய்தேன். அவருடைய தவிலில் கழியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்துக்குச் சிவப்பு, கூடு போட்ட விரல்கள் விழும் வலந்தலைக்கு நீலம், இரண்டும் சேரும் இடத்தில் பெரிய வட்டம். நடு, விளிம்பு என்ற இரண்டு ஒலிக்குள் தவில் அடங்கிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஐந்து பட்டன் கிட்டாரில் அதைப் பாதிகூடச் சொல்ல முடியாது. மாமா அதைத் தானே வாசித்துப் பார்த்தார். தன் வாசிப்புக்கு மேலேயே இன்னொரு நிரப்பல் போட்டார். காம்போ அறவில்லை. சத்தமாகச் சிரித்தார்.

குறி வைக்கும்போதுதான் இன்னொரு வித்தியாசம் தெரிந்தது. ஸ்டெப்மேனியா ஓர் அடியை 48 பங்காகப் பிரிக்கிறது. மூன்றும் நாலும் அதில் சரியாக வகுபடும். ஐந்து வகுபடாது, 9.6 வரும். ஆகவே அடியை ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையில் 'தகதகிட' போட்டால் முதல் எழுத்தைத் தவிர மற்ற நாலும் தங்கள் இடத்திலிருந்து கொஞ்சம் விலகி உட்காரும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் விலகல் அதிகபட்சம் நாலு மில்லிசெகண்டு, காதுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும். அவற்றுக்கென்று தனி நிறம் இல்லாததால், பச்சை பார்த்ததும் கால் தயாராகும் அந்தச் சுகம் ஐந்தில் கிடைப்பதில்லை. ராக் பேண்ட் கோப்புகள் அடியை 480 ஆகப் பிரிக்கின்றன, ஐந்து அழகாக 96 ஆகும். ஏழு அங்கேயும் நிற்காது. ஓசு! நேரத்தை மில்லிசெகண்டில் எழுதுவதால் எந்த நடையும் எங்கேயும் உட்காரலாம். நாலையும் எட்டையும் நினைத்துக் கட்டிய வீடுகளில் ஏழான மிஸ்ரத்துக்கும் ஐந்தான கண்டத்துக்கும் அறை தேடுகிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இது. லேப்டாப் இருக்கிறது, முதலில் ஓசு! டைகோ போட்டுப் பழகு. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தாலும் பேட்டரியில் ஓடும். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும், ப்ளூடூத்தில் ஒலி பிந்தி வரும், கை சரியாக இருந்தாலும் தரம் விழும். பெரிய டிவியில் விளையாடினால் கேலிப்ரேஷன் (ஒலியும் படமும் பொருந்தச் சரிசெய்வது) செய்யாமல் ஆரம்பிக்காதே. பழைய குண்டு டிவிகளில் இந்தத் தாமதம் இல்லாத அளவுக்குக் குறைவு, இன்றைய தட்டை டிவிகள் படத்தைச் சற்றுப் பிந்தித்தான் காட்டும். கீழ்த்தளத்தில் சிமெண்ட் தரை உள்ள அறை கிடைத்தால் மேட் வாங்கு, பலகையோடு.

கிட்டார் கூட்டத்துக்கு. நாலு பேர் கூடும் வீட்டில் அதற்கு ஈடில்லை, தனியாக இருப்பவருக்கு அது மூன்றாம் இடம்தான். பழைய சாமான் கடையில் பார்த்தால் வயர்லெஸ் வகையா என்று முதலில் கேள். டாங்கிள் (செருகிவைக்கும் சிறு ரிசீவர்) தேவைப்படும் வகையானால் கூடவே அது இருக்கிறதா என்று பார். அது தொலைந்திருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். கழுத்து கழலும் வகையானால் கழற்றி உலோக முனைகளைப் பார். கடற்காற்றில் பச்சை ஏறியிருக்கும், துடைத்துப் போட்டு ஐந்து பட்டனையும் அழுத்திக் காட்டச் சொல். மீட்டும் பட்டை மேலும் கீழும் ஒரே மாதிரி 'டக்' என்றால் மட்டும் காசு கொடு.