கால், குதிரை, ரயில்: காலனிய இந்தியத் தபாலின் மூன்று வழிகள்

காலனிய இந்தியாவின் தபால் வரலாறு பெரும்பாலும் ஒரு படிக்கட்டைப் போலவே சொல்லப்படுகிறது. முதலில் தபால் பையைச் சுமந்து ஓடும் ஓட்டக்காரர் இருந்தார், பிறகு குதிரை வண்டி வந்தது, கடைசியில் ரயில் வந்து இரண்டையும் ஓரங்கட்டியது என்று கதை முடிந்துவிடும். உண்மையில் இந்த மூன்றும் பல பத்தாண்டுகள் ஒரே காலத்தில், ஒரே தபால் பையைக் கைமாற்றிக்கொண்டு இயங்கின. எந்தத் தடத்துக்கு எது பொருந்தும் என்பதே தபால் துறை ஓயாமல் முடிவு செய்யவேண்டியிருந்த கேள்வி. வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ரயிலுக்கு ஈடில்லை. ஆனால் வலையை விரிப்பதற்கும், விரித்ததை மழையிலும் வெள்ளத்திலும் அறுபடாமல் காப்பதற்கும் எது கைகொடுத்தது என்று கேட்டால், முதலிடம் ஓட்டக்காரருக்கே உரியது என்பது என் முடிவு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால் 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையில் தலைமைத் தபால் நிலையம் 1786 ஜூன் 1 அன்று தொடங்கியது. அப்போது தரைவழித் தபால் என்றால் அது அநேகமாக மனிதக் கால்தான். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மைலுக்கு ஒரு சாவடி இருக்கும். ஒருவர் பையுடன் ஓடிவந்து அடுத்தவரிடம் ஒப்படைப்பார். எதிர்த்திசையிலிருந்து வந்த பையை வாங்கிக்கொண்டு தம் சாவடிக்கே திரும்புவார். கையில் சலங்கை கட்டிய ஈட்டி இருக்கும். அந்தச் சலங்கைச் சத்தம் பாம்பையும் விலங்கையும் விலக்கியது. அடுத்த சாவடியில் காத்திருப்பவருக்கு எழுந்து நிற்கச் சொல்லும் அறிவிப்பாகவும் அமைந்தது. காட்டு வழியில் இரவானால் தீவட்டி பிடிப்பவர் ஒருவரும் சில இடங்களில் பறையடிப்பவர் ஒருவரும் உடன் சென்றனர். இந்த ஏற்பாட்டுக்குச் செப்பனிட்ட சாலை வேண்டாம், பாலம் வேண்டாம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அவர் பரிசலேறிக் கடப்பார். பரிசல் இல்லாவிட்டால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார். புதிதாக ஒரு தடம் திறக்கவேண்டுமானால், ஆட்களை நியமித்துச் சாவடிக்குக் கூரை போட்டால் போதும்.

ஓட்டக்காரரின் குறை அவர் தூக்கும் எடையில் இருந்தது. கடிதமென்றால் மணிக்கு நான்கைந்து மைல் ஓடலாம். செய்தித்தாள் கட்டுகளும் அரசுக் கோப்புகளும் சேர்ந்தால் கால் தளர்ந்துவிடும். எனவே பொதிகளுக்கு ‘பங்கி’ என்ற தனித் தபால் இருந்தது. நம்மூர்க் காவடி போலத் தோளில் ஒரு தண்டு, அதன் இரு முனைகளிலும் பெட்டிகள். கடிதத் தபாலைவிட அது மெதுவாகவே நகர்ந்தது.

இந்த எடைச் சிக்கலுக்கு விடையாகத்தான் குதிரை வண்டித் தபால் வந்தது. வங்காளத்திலிருந்து வடமேற்கே செல்லும் பெருவழிச் சாலை செப்பனிடப்பட்ட பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருசக்கர அஞ்சல் வண்டிகள் அதில் ஓடின. ஓட்டக்காரரைப்போல் இருமடங்கு வேகமும் பன்மடங்கு சுமையும் அவற்றால் இயன்றன. ஆனால் அவற்றைப் பராமரிப்பது எளிதல்ல. சில மைலுக்கு ஒருமுறை மாற்றுக் குதிரை நிற்கவேண்டும். கொள்ளு, லாடம், குதிரைக்காரர், ஒப்பந்ததாரர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாலை சாலையாக இருக்கவேண்டும். மழைக்காலத்தில் ஒரு தரைப்பாலம் உடைந்தால் வண்டி நின்றுவிடும். அப்போது பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஒருவர் நடந்துதான் ஆகவேண்டும்.

குதிரை தன் முழுத் தகுதியைக் காட்டியது மலைப் பாதைகளில்தான். கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 58 மைல் வண்டிப்பாதையை டாங்கா எனும் இருசக்கரக் குதிரை வண்டிகள் எட்டு மணி நேர அளவில் கடந்தன. தபால் டாங்காவின் ஊதுகொம்பு கேட்டதும் மற்ற வண்டிகள் ஒதுங்கி வழிவிடவேண்டும். கோடையில் அரசாங்கமே மலைக்கு இடம்பெயர்ந்துவிடும் நாட்டில் இது சொகுசல்ல, நிர்வாகத் தேவை. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கும் டாங்காக்களே ஏறின. சிம்லாவுக்கு 1903இல் ரயில் வந்தது. நீலகிரியில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் ரயில் எட்டியது. அந்தத் தடங்களில் டாங்காவின் காலமும் அதோடு முடிந்தது. ரயில் நேரடியாக வெளியேற்றியது குதிரையைத்தான், ஓட்டக்காரரை அல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ரயிலின் பலம் சுமையிலும் வேகத்திலும் மட்டும் இருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1856இல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1863இல் அலகாபாத் – கான்பூர் தடத்தில் ஓடும் ரயில் பெட்டிக்குள்ளேயே கடிதங்களைப் பிரிக்கும் முறை தொடங்கியது. அதுவரை வழியிலுள்ள தபால் நிலையங்களில் பை இறங்கி, பிரிக்கப்பட்டு, மறுபடி கட்டப்படும்வரை கடிதம் காத்துக் கிடந்தது. இனி பயண நேரமே பிரிக்கும் நேரமாயிற்று. ரயில்வே அஞ்சல் சேவை இந்த ஏற்பாட்டிலிருந்துதான் வளர்ந்தது. ஆயினும் தண்டவாளம் தபாலுக்காகப் போடப்பட்டதல்ல. படையையும் பருத்தியையும் கொண்டுசெல்ல ஏற்ற வழியில்தான் அது சென்றது. ஊர் ஓரிடத்திலும் ஸ்டேஷன் ஓரிடத்திலுமாக இருந்தால், நடுவிலுள்ள மைல்களுக்குப் பொறுப்பு யார்? அங்கே மீண்டும் ஓட்டக்காரர்.

செலவுக் கணக்கை அடியோடு மாற்றியது 1854. அதுவரை தூரத்துக்குத் தக்க கட்டணம் இருந்தது. அந்த அக்டோபர் முதல் கால் தோலா (ஏறத்தாழ மூன்று கிராம்) எடையுள்ள கடிதம் இந்தியாவின் எந்த மூலைக்கும் அரையணாவுக்குச் சென்றது. அப்போது நாட்டில் ஏறத்தாழ 700 தபால் நிலையங்கள் இருந்தன. 1861இல் அவை 889 ஆகி, ஆண்டுக்கு ஏறத்தாழ 4.3 கோடிக் கடிதங்களைக் கையாண்டன. அரையணாக் கடிதத்தைக் குக்கிராமம் வரை கொண்டுசேர்க்கக் குதிரை வைத்தால் கட்டுப்படியாகாது. கூலி குறைந்த மனிதக் கால்தான் கட்டுப்படியாகும். மலிவான தபால் என்று நாம் பாராட்டுவது அந்தக் குறைந்த கூலியின்மேல் நின்றது. இதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. வங்காளம் போன்ற பகுதிகளில் மாவட்டத் தலைமையிடத்தையும் காவல் நிலையங்களையும் இணைத்த தபாலின் செலவு ஜமீன்தார்கள் தலையில் விழுந்தது. அரசின் தபாலோடு ஒப்பிடுகையில் அது சீராக இயங்கவில்லை. ஓட்டக்காரர் மலிவு என்பதற்காக அவரை யார் பொறுப்பிலோ விட்டுவிட்டால் தடம் கெடும் என்பது அதிலேயே தெரிந்தது.

நீலகிரி மலை ரயில் இன்றும் ஓடுகிறது. குன்னூர்ப் பகுதியின் காட்டு வழிகளில் யானைக்கும் கரடிக்கும் நடுவே நாள்தோறும் சுமார் 15 கிலோமீட்டர் நடந்தே கடிதங்களைச் சேர்த்துவந்த தபால்காரர் ஒருவர், 2020இல்தான் ஓய்வு பெற்றார்.