கடற்கரை வீட்டில் நாலரை வருஷம் ஓடிய ஏசி

2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதல்லவா, அன்று சாயங்காலமே நெல்லிக்குப்பத்திலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணிவிட்டான். "அண்ணே, உங்க வீட்ல இருக்கறதையே நானும் வாங்கிடவா?" போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். 2021 மார்ச்சில் வாங்கியது, ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட், ஆர்32 கேஸ். மற்றதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

முதல் இரண்டு கோடையும் ஒரு குறை சொல்ல முடியாது. கத்திரி வெயிலில்கூட 26-ல் வைத்து, ஃபேனை மெதுவாக விட்டால் போதும், அம்மா விடிய விடிய அசந்து தூங்குவார். எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ராத்திரி கரண்ட் போய் வந்தால் ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தானே ஓட ஆரம்பித்துவிடும்.

2023 ஏப்ரலில் குளிர்ச்சி குறைந்தது. ஃபில்டரைக் கழுவிப் பார்த்தேன், மாற்றமில்லை. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்தவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்" என்றார். 2,800 ரூபாய். 2024 மே மாதம் அதே வசனம், அதே 2,800. 2025 ஏப்ரலில் மறுபடியும். மொத்தம் 8,400 ரூபாய் போனது.

எனக்குக் கோபமே இதில்தான். ஏசி கேஸ் என்ன அடுப்பு சிலிண்டரா, எரிந்து தீர்ந்துபோக? கம்ப்ரஸருக்கும் இரண்டு காயிலுக்கும் நடுவில் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வந்த மூன்று பேரில் ஒருவர்கூட அதைத் தேடவில்லை. கடைசியாக வந்தவரிடம் வாய்விட்டே கேட்டேன், லீக் எங்கேயென்று பார்க்க மாட்டீர்களா என்று. "கடல் பக்கம்னா அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் பில் போட்டார்.

இரண்டே மாதத்தில், ஜூனில், திரும்பவும் வெறும் காற்று. இந்தத் தடவை முதுநகரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் வந்ததும் மீட்டரை மாட்டவில்லை. ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அவுட்டோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பாருங்கண்ணே, மெல்லிசு பைப்புல ஐஸ் கட்டுது, கேஸ் கம்மி" என்றார். இருந்த கேஸை எடுத்துவிட்டு, ஓட்டையைக் கண்டுபிடிக்க அழுத்தமாக நைட்ரஜன் ஏற்றினார். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். நட்டுகளில் ஒன்றுமில்லை. அவுட்டோரின் ஓரத்தில், செம்புக் குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அங்கே தடவியதும் கடுகளவு ஒரு குமிழி வந்தது. பட்டாணி அளவுக்கு உப்பி உடைந்தது. மறுபடி வந்தது. நானும் அம்மாவும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வருஷப் பணம் போன வழி அந்தக் கடுகுதான். கடலைப் பார்த்த பக்கத்து அலுமினியத் தகடுகளை நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும் என்றார்.

வெல்டிங் வைத்து, நைட்ரஜனை ராத்திரி முழுக்க அப்படியே விட்டார். காலையில் பிரஷர் மீட்டரின் முள் அசையாமல் இருந்தது, அதாவது லீக் இல்லை. அப்புறம்தான் வாக்கூம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, ஸ்டிக்கரில் இருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றினார். எல்லாம் சேர்த்து 4,500. இப்போது அறைக்காற்று 28 இருந்தால் வெளியே தள்ளுவது 15. அவர் சொன்னபடி மாதம் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுகிறேன். பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிவிடும்.

தம்பி, மெஷின் நல்ல மெஷின். நெல்லிக்குப்பம் உள்ளே தள்ளி இருக்கிறது, இவ்வளவு உப்புக்காற்று உனக்குக் கிடையாது, உன் வீட்டில் நன்றாகவே ஓடும். ஆனாலும் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த சர்வீஸ்காரர்களை உன் வீட்டு வாசலில் நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேறு ஒன்று பார். எதை வாங்கினாலும், கேஸ் இறங்கிடுச்சு என்று யாராவது சொன்னால் முதலில் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டச் சொல், அப்புறம் பணம் கொடு. முதுநகர் மெக்கானிக் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.