ஃபிரெஞ்சு ஹார்னைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன்: ஓர் எச்சரிக்கை

பெங்களூரில் தேவாலயக் குழுக்களில் ஃபிரெஞ்சு ஹார்ன் என்ற சுருள்வடிவப் பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் நண்பர்கள், அதன் வால்வு (விரலால் அழுத்திக் காற்றின் வழியை மாற்றும் பகுதி) இறுகிவிட்டது என்று கண்ட கடையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் எனக்கு நேர்ந்ததைப் படித்துவிட வேண்டுகிறேன்.

என்னுடையது எஃப், பி ஃபிளாட் என்ற இரு சுருதிகளுக்கான குழாய்களும் ஒன்றாய்ச் சேர்ந்த டபுள் ஹார்ன். மழைக்காலத்தில் இரண்டு மாதம் பெட்டியிலேயே கிடந்ததால் இரண்டாம் வால்வு அசைய மறுத்தது. எண்ணெய் விடாமல் வைத்தது என் தவறுதான், மறுக்கவில்லை. சிவாஜிநகர்ப் பக்கம் கல்யாண பேண்டுக்காரர்களின் டிரம்பெட்டுகளைச் சரிசெய்யும் ஒருவர், "இதெல்லாம் ஒரு வேலையா தம்பி, மூணு நாள்ல வாங்கிக்கோங்க" என்றார். மூன்று நாள் ஐந்து வாரமாயிற்று. கூலி 6,500 ரூபாய். திரும்ப வாங்கியபோது விரல் பட்டதும் வால்வு ஓடியதைக் கண்டு மயங்கி, ஊதிக்கூடப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஊதினால் எந்தச் சுரமும் உறுதியாக நிற்கவில்லை. ஒலி அடைத்தாற்போல் வந்தது. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாயை) மெல்ல வெளியே இழுத்து, பிறகு அழுத்தினால், உள்ளே காற்று கசியாத ஹார்னில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். என் இரண்டாம் வால்வில் சத்தமே இல்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுக்குள் சுழலும் உருளையான ரோட்டரின் முனையிலுள்ள கோடு, அதைத் தாங்கும் தகட்டிலுள்ள கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். அது விலகி நின்றது. நெம்புகோல் பக்கம், ரோட்டரைத் தடுத்து நிறுத்தும் தக்கை இருந்த இடத்தில் ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு, நீல நிறம்கூடப் போகாமல், செருகப்பட்டிருந்தது. ரோட்டரை வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் உடம்பெல்லாம் உப்புத்தாள் கீறல்.

ரோட்டருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்க வேண்டியது எண்ணெய்ப் படலம் தங்கும் அளவு இடைவெளி மட்டுமே. இறுகிய வால்வில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, அச்சு முனையை மரச்சுத்தியால் லேசாகத் தட்டினாலே பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஆனால் உப்புத்தாளால் தேய்த்தெடுத்த பித்தளை திரும்பி வராது. ரோட்டருக்கு முலாம் பூசி, கூட்டுக்குப் பொருந்த மறுபடி இழைக்க வேண்டும். அது 6,500 ரூபாயில் முடிகிற காரியமல்ல.

கேட்கப்போனபோது, "பழைய பித்தளை, இவ்வளவுதான் வரும்" என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. சமாதானமாக ஒரு குப்பி எண்ணெய் தந்தார். முகர்ந்து பார்த்தால் தையல் மிஷின் எண்ணெய்.

ஆகவே, கொடுக்கும்போதே ரோட்டரை எதைக்கொண்டு சுத்தம் செய்வார் என்று கேளுங்கள். உப்புத்தாள், பிராசோ (பித்தளை மெருகேற்றும் திரவம்) என்ற சொல் வந்தால் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்புங்கள். வாங்கும்போது அந்த 'டப்' சத்தத்தைக் கடையிலேயே ஒவ்வொரு வால்விலும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். நான் இப்போது கசிவை அடைக்கக் கெட்டியான ரோட்டர் எண்ணெய் விட்டு வாசிக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் முதல் இரண்டு பாடல்கள் வரை தாங்குகிறது.