கிளட்ச் ஸ்ப்லைனுக்கு எந்த கிரீஸ்: லித்தியமா, மாலியா?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் தம்பி வீட்டு வாசலில் பழைய கார் ஒன்றுக்குக் கிளட்ச் மாற்றினோம். கையில் இருந்தது சாதாரண லித்தியம் கிரீஸ். அதை ஸ்ப்லைனில், அதாவது கிளட்ச் தட்டு முன்பின் நகரும் கியர்பாக்ஸ் தண்டின் பற்களில், தடவ எனக்கு மனம் வரவில்லை. சுமார் 180 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இளகி ஒழுகும். சுழலும் வேகத்தில் தெறித்து உராய்வுத் தட்டில் பட்டால் கிளட்ச் வழுக்கும்.

அதிக வெப்பம் தாங்கும் மாலிப்டினம் டைசல்பைடு கிரீஸ் (சுருக்கமாக மாலி) விலை கூடுதல்தான். ஆனால் எண்ணெய் காய்ந்தாலும் அந்தக் கருஞ்சாம்பல் பொடி பற்களில் படிந்து நின்று, தட்டை இறுகாமல் நகரவிடும். நான் இதைத்தான் எடுப்பேன்.

அப்புறம், எதுவானாலும் மெல்லிய பூச்சு போதும். பழைய டூத் பிரஷால் தடவி, தட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். தட்டின் நடுவில் தண்டில் பொருந்தும் ஹப் நிக்கல் பூசியது என்றால் கிரீஸே வேண்டாம். பெடலை மிதித்தால் திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங்கின் ரப்பர் சீல் பக்கம் இரண்டையும் கொண்டுபோகாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.