மீன் தொட்டியின் அடியில் யாரை விடுவது: சக்கரா, கோரியா, குலி லோச்சா?

அடியில் இரை தங்குகிறது, அதைத் தின்ன ஒரு டேங்க் கிளீனர் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வந்து சேர்வது சக்கர் மீன்தான். விரல் நீளத்தில், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். கொஞ்ச நாள் பாசியை வழித்துத் தின்றது. அப்புறம் மற்ற மீன்களின் இரையில் ருசி கண்டு, பாசிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாதாரண சக்கர் வளர்ந்தால் 30 செ.மீ.யைத் தாண்டிவிடும். அது நூல் நூலாகப் போடும் கழிவைப் பார்த்தால், மிச்ச இரையே தேவலை என்று தோன்றும். சின்னத் தொட்டிக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். சக்கர்தான் வேண்டும் என்பவர்களுக்கு பிரிஸில்நோஸ் என்ற சின்ன ரகம் இருக்கிறது; 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும். ஆனால் அதுவும் பாசியையும் மரக்கட்டையையும் சுரண்டும் ரகம். தரையில் கிடப்பதைத் தேடிப் பொறுக்குவதில் அதற்குப் பெரிய அக்கறை கிடையாது.

பொறுக்குவதற்கென்றே பிறந்தது கோரி என்ற சின்னக் கெளுத்தி. வாய் கீழ்நோக்கி இருக்கும், வாயோரத்தில் மீசை. மூக்கை மணலில் புதைத்துத் துழாவி, இரையை எடுத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியே விட்டுவிடும். பகலிலும் வேலை செய்வதால் பார்க்கவும் நன்றாக இருக்கும். வெண்கலக் கோரி, பெப்பர் கோரி இரண்டுமே 6, 7 செ.மீ. அளவுதான். ஆனால் ஒன்றே ஒன்றை வாங்கிவந்து விடாதீர்கள், மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். குறைந்தது ஆறு வேண்டும், அதற்கேற்ற தரைப்பரப்பும் வேண்டும். கூரான சரளைக் கற்களும் அடியில் தேங்கிய அழுக்கும் அதன் மீசையைக் கெடுத்துவிடும். மென்மையான மணல்தான் சரி. திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுத் திரும்பும், பயப்பட வேண்டாம். குடல் வழியாகவும் மூச்சு வாங்கும் மீன் அது. ஓயாமல் மேலும் கீழும் ஓடினால் மட்டும் தண்ணீரைக் கவனியுங்கள்.

கோரியால் எட்ட முடியாத இடம் கல்லிடுக்கு. அங்கே குலி லோச்தான் ராஜா. நம்ம அயிரை மீனுக்குச் சொந்தக்காரன், புழு மாதிரி மெலிந்து 8 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும். வேர்களுக்கு அடியிலும் கட்டைக்குப் பின்னாலும் புகுந்து இரையை எடுத்துவிடும். என்ன, வேலை நேரம் இரவு. பகலில் தொட்டியில் இருக்கிறதா செத்துவிட்டதா என்றே தெரியாது. ஃபில்டரின் உறிஞ்சு குழாயை ஸ்பாஞ்சால் மூடாவிட்டால் அதற்குள்ளும் நுழையும். இதற்கும் கூட்டம் வேண்டும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி இருக்கும் தொட்டிக்கு குலி பொருந்தும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் என்றால் பெப்பர் கோரி.

குலியின் உறவான கிளவுன் லோச் அழகுதான், ஆனால் அதுவும் 30 செ.மீ. வரை போகும். ஓட்டோ என்ற குட்டி மீன் பாசிக்கு மட்டும்.

எதை வாங்கினாலும் ஒன்று: இவற்றில் எதுவும் மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. மீந்த இரை அழுகினாலும் அம்மோனியா, மீன் தின்று கழித்தாலும் அம்மோனியா; அது மீனுக்கு விஷம். ஆகவே அடி அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயை ஓரங்கட்ட முடியாது. மிச்சத்தை மட்டும் நம்பி விட்டால் கோரியின் வயிறு ஒட்டிப்போகும். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் இரை வில்லை இரண்டு மூன்று போட வேண்டும். போட்ட இரை ஐந்து நிமிடத்துக்கு மேலும் தரையில் கிடந்தால், புது மீன் வாங்கும் முன் இரையைக் குறைத்துப் பாருங்கள்.

என் தொட்டியில் இப்போது மணலும் ஆறு பெப்பர் கோரிகளும். சக்கரைப் பெரிய தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.